வானம் என்ற ஒரு சொல்

மேலைநாட்டுப் படைக்கலங்களின் வலிமையைக் கண்டு திகைத்த 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அறிஞர்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது, பீரங்கி வார்க்கவும் கற்றிருந்த கன்ஃபூசிய அறிஞர் சகுமா ஷோசான் (1811-1864) வகுத்த வாய்பாடாகும். அறநெறிக்குக் கிழக்கை நாடுக, தொழிற்கலைகளுக்கு மேற்கை நாடுக என்பதே அதன் சாரம். கைக்கு எளிதான இந்தப் பாகுபாட்டுக்குள், பீரங்கி செய்பவர்களிடம் கற்கத்தக்க அறம் எதுவும் இராது என்ற முன்முடிவும் ஒளிந்திருந்தது. அதை ஏற்க மறுத்தவர் நகமுரா மசனாவோ (1832-1891).

எடோ நகரில் எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்து, அன்று ஜப்பானை ஆண்ட டோக்குகாவா அரசின் உயர்கல்விக்கூடமான ஷோஹெய்சாக்காவில் பயின்று, முப்பது வயதிலேயே ‘ஜுஷா’, அதாவது அரசு அமர்த்திய கன்ஃபூசியப் பேராசான், என்ற பதவியை எட்டிய அவர், இங்கிலாந்து செல்லும் மாணவர்களுக்குக் கண்காணிப்பாளராகத் தம்மையும் அனுப்புமாறு 1866இல் விண்ணப்பித்தார். மேலைக் கல்வியில் பொருள் பற்றியது, உள்ளம் பற்றியது என இரு பகுதிகள் உண்டென்றும், ஜப்பான் இதுவரை முதலாவதை மட்டுமே கற்றிருக்கிறது என்றும் அவ்விண்ணப்பத்தில் அவர் வாதிட்டார்.

அவ்வாறே இங்கிலாந்து சென்ற அவர், 1868இல் டோக்குகாவா ஆட்சி கவிழ்ந்ததால் நாடு திரும்ப நேர்ந்தபோது, ஆங்கில நண்பர் ஒருவர் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற நூலைப் பரிசளித்தார். பதவியும் படியும் இழந்த சாமுராய்கள் குடியேறிய ஷிசுவோக்காவில் இருந்தபடி அவர் செய்த அந்நூலின் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்து, புதிய மெய்ஜி ஆட்சிக்காலத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாயிற்று. தனிமனிதரின் ஒழுக்கமும் உழைப்பும் சேர்ந்ததே நாட்டின் வலிமை என்று ஸ்மைல்ஸ் கூறியதில், தன்னைத் திருத்துவதில் தொடங்கி வீட்டையும் நாட்டையும் ஒழுங்குசெய்யும் வழியைக் கூறும் ‘பெருங்கல்வி’ என்ற பழைய சீன நூலின் குரலே நகமுராவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட, ஜான் ஸ்டூவர்ட் மில்லின் ‘ஆன் லிபர்ட்டி’ மொழிபெயர்ப்பில்தான் இந்த இசைவு சோதனைக்கு உள்ளாயிற்று. தனிமனிதரை ஒடுக்குவது அரசு மட்டுமன்று, சுற்றியுள்ள சமுதாயத்தின் கருத்தும்தான் என்பது மில்லின் கூரிய வாதம். ஆனால் ‘சமுதாயம்’ என்ற கருத்துக்கு அன்றைய ஜப்பானிய மொழியில் நிலைபெற்ற சொல் இல்லை. இன்று வழங்கும் ‘ஷகாய்’ ஊன்றுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே நகமுரா சில இடங்களில் ‘கூட்டாளிகள்’ என்னும் பொருள்பட எழுதி, அதையே அரசாங்கம் என்றும் விளக்கினார். இதனால் ஊராரின் நெருக்குதலும் ஆள்வோரின் அதிகாரமும் ஒன்றாகி, மில்லின் வாதம் மழுங்கியது உண்மை. எனினும், ஆள்வோனையும் மக்களையும் ஒரே அற உடலாகக் கண்ட கன்ஃபூசியக் கல்வியில் ஊறிய ஒருவர் இடறக்கூடிய இடமும் அதுவே என்பதை மறந்து அவரைப் பழிப்பது நேர்மையாகாது.

1874இல் அவர் கனடிய மெதடிஸ்ட் போதகர் ஜார்ஜ் காக்ரனிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் கன்ஃபூசியத்தைத் துறக்கவில்லை. பிற்காலத்தில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சீனச் செவ்வியல் நூல்களைக் கற்பித்ததோடு, சீனக் கல்வியைக் கைவிடலாகாது என 1887இல் வாதிட்டார். கிறித்தவத்தையும் கன்ஃபூசியத்தையும் அவருக்குள் பிணைத்தது ‘வானம்’ என்ற சொல். கன்ஃபூசிய மரபில் அது அறத்தின் ஊற்று. அதுவே கிறித்தவர் வணங்கும் படைப்பாளன் என்று அவர் உளமார நம்பினார்.

கல்வி குறித்த பேரரச ஆணைக்கு வரைவு எழுதும் பணி 1890இல் முதலில் அவரிடம்தான் வந்தது. வானத்தை அஞ்சி மதிக்கும் உள்ளத்தையே அறத்தின் அடிப்படையாக அவ்வரைவு வைத்தது. பேரரசரின் சொல் சமயப் பூசல்களுக்கு இடம் தரலாகாது என்று கூறி, சட்ட அறிஞர் இனோவே கோவாஷி அதை எதிர்த்தார். அவரும் கன்ஃபூசிய அறிஞர் மோட்டோடா நகசானேயும் எழுதி அக்டோபர் 30 அன்று வெளியான இறுதி ஆணையில், அறத்தின் ஊற்று பேரரசரின் மூதாதையராக மாறியிருந்தது. நகமுராவின் வரைவில் அரியணைக்கும் மேலே ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார்.