ரப்பரைப் பார்த்துச் சிரித்தது போதும்

குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவு அரக்கப் படங்களைப் பார்ப்பதற்கென்று நம் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு முறை நிலைபெற்றுவிட்டது. விடுதியின் பொது அறையிலோ திரைப்படக் குழுவின் வார இறுதித் திரையிடலிலோ 1950களின் அமெரிக்கப் படம் ஒன்று ஓடும். அரக்கன் தோன்றியதும் சிரிப்பு எழும். உடையின் ஜிப்பை ஒருவர் சுட்டிக்காட்டுவார். பொம்மையைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியை இன்னொருவர் கண்டுபிடிப்பார். ‘மோசமாக இருப்பதாலேயே அருமையாக இருக்கிறது’ என்ற தீர்ப்போடு கூட்டம் கலையும். இந்தத் தீர்ப்பைத்தான் இங்கே மறுக்கிறேன். இப்படங்களின் குறையையும் அது காணவில்லை, அழகையும் காணவில்லை. குறையும் அழகும் இருப்பது எழுத்தில். நாம் பார்த்துக்கொண்டிருப்பதோ ரப்பரை.

முதலில் ஒரு சான்று. ஒலியனியலின் தொடக்கப் பாடத்தில் ‘மரம்’, ‘மறம்’ போன்ற இணைகளைத் தருவார்கள். ஏனைய ஒலிகள் அனைத்தும் ஒன்றாயிருக்க, ஒரே ஓர் ஒலி மாறியதும் பொருள் மாறுகிறது. ஆகவே பொருளை மாற்றியது அந்த ஒலியே என்று முடிவு கட்டலாம். அரக்கப் படங்களின் வரலாற்றிலும் அத்தகைய இணை ஒன்று உண்டு. 1954 நவம்பரில் ஜப்பானில் வெளியான இஷிரோ ஹோண்டாவின் ‘கோஜிரா’ அதன் ஒரு பாதி. 1956இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காகத் திருத்தி வெளியிடப்பட்ட ‘காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!’ மறுபாதி. இரண்டிலும் அரக்கன் ஒன்றே; அந்தக் கனத்த உடைக்குள் இருந்து மூச்சுத் திணறியவரும் அதே நடிகர் ஹாருவோ நாகஜிமா. தரைமட்டமாகும் தோக்கியோவின் சிற்றுருக்களும் அவையே. மாறியவை சொற்கள்.

ஜப்பானியப் படத்தில் தொடர்வண்டியில் செல்லும் ஒரு பெண், கதிரியக்கம் தாக்கிய சூரை மீனையும் கதிரியக்க மழையையும் காட்ஸில்லாவையும் ஒரே மூச்சில் அடுக்கிப் பேசுகிறாள். நாகசாகியிலிருந்து தப்பிவந்ததையும் சொல்கிறாள். அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ‘ஐந்தாம் லக்கி டிராகன்’ என்ற மீன்பிடிப் படகின்மேல் விழுந்திருந்தது. அதன் வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் படம் பார்த்த ஒருவருக்கும் அந்த உரையாடலை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருந்திராது. அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பெண்ணின் பேச்சு இல்லை. அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா தோன்றக்கூடும் என்று முதிய அறிஞர் யமானே இறுதியில் விடுக்கும் எச்சரிக்கையும் இல்லை. அதற்குப் பதிலாக, புதிதாகச் சேர்க்கப்பட்ட அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர், ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற பொருளில் முடித்துவைக்கிறார். ரப்பரின் ஓர் அங்குலத்தைக்கூடத் தொடாமல் ஒரு படத்தின் முதுகெலும்பை உருவிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘கோஜிரா’ ஜப்பானிய அளவுகோலில் மலிவான படம் அன்று என்ற மறுப்பு எழலாம். சரி, மலிவின் அடித்தளத்திற்கே போவோம். பில் டக்கரின் ‘ரோபோ மான்ஸ்டர்’, 1953. நான்கே நாள்களில் படமாக்கப்பட்டது என்பது அதன் புகழ். வேற்றுக்கோளின் எந்திர மனிதனுக்கு உடை தைக்கப் பணமில்லை. கொரில்லா உடையைச் சொந்தமாக வைத்திருந்த ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரை அழைத்து, தலைக்கு முக்குளிப்போர் அணிவது போன்ற கவசத்தை மாட்டிவிட்டார்கள். அவன் குகை வாயிலில் வைத்திருக்கும் கருவி சோப்புக் குமிழ்களை ஊதித் தள்ளிக்கொண்டிருக்கும். சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் அந்தக் கொரில்லா பேசுவதை ஒருமுறை கேட்க வேண்டும்.

எஞ்சிய எட்டு மனிதர்களையும் கொல்லவேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட ஆணை. எண்மரில் ஒருத்தியின்மேல் அவன் மனம் சாய்கிறது. அப்போது தனியே நின்று ஒரு கேள்வி கேட்கிறான்: என்னால் முடியாது, ஆனால் செய்தாக வேண்டும், ஒரு வரைபடத்தில் இந்த இரண்டும் எந்தப் புள்ளியில் சந்திக்கும்? ஆற்றலைக் குறிக்கும் வினைக்கும் கடமையைக் குறிக்கும் வினைக்கும் இடையிலான உறவு மொழியியலில் இன்றும் ஆய்வேடுகள் எழுதப்படும் பொருள். இந்த வசனத்தைத் தமிழாக்க முயலும்போது அதன் கூர்மை இன்னும் புலப்படும். நம் ‘வேண்டும்’ கடமையையும் குறிக்கும், விருப்பத்தையும் குறிக்கும். ‘அவளைக் கொல்ல வேண்டும்’ என்பதும் ‘அவள் வேண்டும்’ என்பதும் ஒரே வினையில் முடிகின்றன. கணக்கிடுவதற்கென்றே படைக்கப்பட்ட ஒருவன், கணக்கில் அடங்காத ஒன்றின் முன் நிற்கிறான். இக்காட்சியை எழுதியவருக்குக் கலை கைவந்திருந்தது என்று நான் வாதிடவில்லை. படத்தின் பெரும்பகுதி தாங்கமுடியாத அளவு தட்டையானது. ஆனால் பணமிருந்த படங்கள் பல கேட்கத் துணியாத கேள்வியை நான்கு நாள் படம் கேட்டது. இப்படத்திற்கு இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன்; சில ஆண்டுகளுக்குள் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்திற்கும் அவரே இசையமைத்தார். அவர் இங்கே ஏளனமாக இசைக்கவில்லை. அந்தக் கொரில்லாவை மெய்யான துயரத்தோடு நடத்தியிருக்கிறார்.

நான் அழகு என்று சொல்வது இந்த மெய்ம்மையைத்தான். பற்றாக்குறை இவர்களைச் சிந்திக்க வைத்தது. 1955இன் ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’ படத்தில் ரே ஹாரிஹாசன் அசைவூட்டிய மாபெரும் கணவாய்க்கு எட்டுக் கைகள் இருந்திருக்க வேண்டும். செலவைக் கருதி ஆறே செய்தார். ஒரே நேரத்தில் எல்லாக் கைகளும் தெரியாதபடி காட்சிகளை அமைத்துக்கொண்டார். 1956இன் ‘இட் காங்கர்ட் தி வேர்ல்ட்’ படத்திற்காக ரோஜர் கோர்மன், வெள்ளிக் கோளிலிருந்து வருவது குட்டையாக இருக்கவேண்டும் என்று கருதினார். ஈர்ப்பு மிகுந்த கோளில் உயிர்கள் தரையோடு தரையாகத்தான் இருக்கும் என்பது பொறியியல் பட்டதாரியான அவருடைய தருக்கம். நாயகி பெவர்லி கார்லண்ட் அதைப் பார்த்து எள்ளி நகையாடியதும் அரக்கனின் உயரத்தைக் கூட்டவேண்டியதாயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மையில் வெள்ளியின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பைவிடச் சற்றுக் குறைவு. தரவு பிழை. ஆனால் தரவிலிருந்து வடிவத்தை வருவிக்கும் அந்த முயற்சி அறிவியல் புனைவின் உயிர்நாடி. பெரும் நிதியில் வரும் இன்றைய அரக்கர்களில் எத்தனைக்கு இப்படி ஒரு காரணமாவது உண்டு?

சொல்லுக்கும் காட்சிக்கும் இடையிலான பிளவைக் காணவேண்டுமானால் 1957இன் ‘தி ஜயன்ட் கிளா’வைப் பார்க்கலாம். அதன் பேருருப் பறவை, வான்கோழியும் கழுகும் கலந்து குடித்துவிட்டு வந்ததுபோல இருக்கும் ஒரு நூற்பாவை. நாயகன் ஜெஃப் மோரோ, படம் வெளியான பிறகு திரையரங்கில்தான் அந்தப் பறவையை முதன்முதலில் பார்த்ததாகவும், வெட்கி இடையிலேயே வெளியேறியதாகவும் பின்னாளில் கூறினார். நடிகர்கள் எதைப் பார்த்து நடுங்குகிறோம் என்று தெரியாமலே நடுங்கியிருக்கிறார்கள். காட்டமுடியாததைச் சொல்லியாவது ஈடுகட்ட வேண்டுமென்று, அது போர்க்கப்பல் அளவு பெரியது என்பதைப் பாத்திரங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. உவமை தேய்ந்து வெற்றோசை ஆகும்வரை சொல்கின்றன. ஆயினும் பறவை முழுமையாகத் தெரிவதற்கு முன்பான பகுதியைச் சிரிக்காமல் பாருங்கள். ஒருவன் கண்ணால் கண்டதைச் சொல்கிறான். ரேடார் ஒன்றும் இல்லை என்கிறது. அதிகாரம் கருவியை நம்புகிறது; கண்டவனைப் பொய்யன் என்கிறது. சாட்சிக்கும் அளவீட்டுக்கும் முரண் வரும்போது எதை நம்புவது என்ற இந்தக் கேள்வி, ஆய்வு செய்யும் எவருக்கும் அன்றாடக் கேள்வி.

இனி, குறை. ‘இவ்வளவு பெரிய பூச்சி உயிரோடிருக்க முடியாது’ என்று அறிவியல் மாணவர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு உண்மையானது, பழமையானதும்கூட. உருவம் பத்து மடங்கு உயர்ந்தால் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குவெட்டோ நூறு மடங்குதான் ஆகும் என்பதை, பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எளிமையாக விளக்கிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு படத்தை வீழ்த்திவிட்டதாக நினைப்பது, பேசும் நரியைக் காட்டிப் பஞ்சதந்திரத்தைப் பொய்யாக்குவது போன்றது.

பெர்ட் ஐ. கார்டனின் ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ (1957) படத்தின் குறையை வேறிடத்தில் தேடவேண்டும். சிகாகோ நகரக் கட்டடங்களின் நிழற்படங்கள்மேல் உண்மையான வெட்டுக்கிளிகளை ஊரவிட்டு எடுத்தார்கள் என்பதைச் சொல்லித்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். கதையைக் கவனியுங்கள். பயிர்களைக் கதிரியக்கத்தால் பெருக்க முயலும் அரசு வேளாண் ஆய்வுக்கூடம் ஒன்றில் வெட்டுக்கிளிகள் நுழைந்து அந்தப் பயிரைத் தின்று பூதாகாரமாகின்றன. ஓர் ஊரே அழிகிறது. நகரத்தின்மேல் அணுகுண்டு வீசலாமா என்று படைத்தலைமை ஆலோசிக்கிறது. இறுதியில் அதே ஆய்வுக்கூடத்து அறிவியலர் ஒலியால் அவற்றை ஈர்த்து மிச்சிகன் ஏரியில் மூழ்கடிக்கிறார். யாருடைய பொறுப்பற்ற சோதனை மக்களைக் கொன்றதோ அவரே மீட்பராகிறார். செத்தவர்களுக்கு எவரும் பதில் சொல்வதாகக் கதை முடிவதில்லை. இதோடு ஒப்பிட்டால், தன் கண்டுபிடிப்பு ஆட்சியாளர் கைக்குப் போகக்கூடாதென்று குறிப்புகளை எரித்துவிட்டு, அந்த அறிவோடு தானும் கடலடியில் மடியும் ‘கோஜிரா’வின் செரிசாவா எவ்வளவு உயரத்தில் நிற்கிறார்! வெட்டுக்கிளி நிழற்படத்தின்மேல் ஊர்வது பணக்குறை. பொறுப்பு என்ற சொல்லே கதையில் இல்லாமற்போவது அறக்குறை. முதலாவதைக் கண்டு சிரிக்கும் பார்வையாளர் இரண்டாவதைத் தப்பவிட்டுவிடுகிறார்.

இது அமெரிக்க விவகாரம் மட்டும் அன்று. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஹாலிவுட்டின் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை எடுத்தன; தமிழில் அது ‘காடு’. அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடிருப்பதாகக் கதை. மாமதங்கள் வேறு யாருமல்ல, மேலே மயிர் போர்த்தப்பட்ட நம் யானைகள்தாம். அந்தக் காட்சித்துண்டைப் பகிர்ந்து சிரிப்பவர்கள், இந்திய இளவரசியாக மேரி வின்ட்சரும் ராமா சிங்காக சீசர் ரொமேரோவும் நடித்திருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. யானையும் காடும் நம்முடையவை. இளவரசி ஹாலிவுட்டிலிருந்து வந்தாள். யானைக்கு மயிர் ஒட்டியது வேடிக்கை. மனிதர்க்கு நாடு ஒட்டியதல்லவா பேசப்படவேண்டியது?

‘பொழுதுபோக்குக்குப் பார்க்கிறோம், சிரித்தால் என்ன குடிமுழுகிவிடும்?’ என்று கேட்பார்கள். இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. எட் வுட் 1978 டிசம்பரில், குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாள்களில், வறுமையில், 54 வயதில் இறந்தார். 1980இல் மெட்வெட் சகோதரர்களின் நூல் ஒன்று அவரை உலகின் மிக மோசமான இயக்குநராகவும், அவருடைய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தை மிக மோசமான படமாகவும் அறிவித்தது. அவருக்குப் புகழ் அப்படித்தான் வந்தது. பிறகு ஏளனத்துக்கே சந்தை உருவாயிற்று. 2013இல் தொடங்கி ஆறு படங்களாக நீண்ட ‘ஷார்க்னேடோ’ வரிசை, வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்பட்டது. பார்வையாளரின் இளக்காரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு விற்றது. டக்கருக்கும் வுட்டுக்கும் இல்லாத பணம் அதற்கு இருந்தது. அவர்களுக்கு இருந்த மெய்ம்மை அதற்கு இல்லை.

கல்விப்புலத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வதற்குத் தனிக்காரணம் உண்டு. ஜிப்பைப் பார்க்கப் பழகிய கண் திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை. கருத்தரங்கில் ஒருவர் பேசும்போது வாதத்தை விட்டுவிட்டு உச்சரிப்பைக் கவனிக்கும் காதும், ஆய்வேட்டைத் திறக்குமுன் அது எந்த ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தது என்று பார்க்கும் கண்ணும் அதே பழக்கத்தின் பிள்ளைகள். எந்த மொழிவழக்கும் இழிந்ததன்று என்பதை மொழியியலின் முதல் வகுப்பில் கற்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். மாலையில் திரையிடலுக்குப் போய், பணமில்லாதவன் பேச வந்ததைக் கேளாமல் அவன் உடையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இப்படங்களை வாழ்த்துங்கள் என்று கேட்கவில்லை. பல படங்கள் கண்டிக்கத்தக்கவை, கண்டியுங்கள். ஆனால் அவற்றின் சொல்லுக்காக, அவை யாரைத் தப்பவிட்டன என்பதற்காக, யாரைப் பேசவே விடவில்லை என்பதற்காகக் கண்டியுங்கள். அடுத்த திரையிடலில் அந்தக் கொரில்லா வரைபடத்தைப் பற்றிக் கேட்கும் இடம் வரும். அந்த அரை நிமிடம் மட்டும் அறை அமைதியாக இருக்கட்டும்.