கொப்பியில் விழும் தூஷணம்

கொப்பியின் ஓரத்தில் தூஷணம் எழுதும், அசிங்கமாகப் படம் கீறும் பிள்ளைக்குக் கொட்டகலைத் தோட்டப் பக்கத்தில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: “லயத்துல கேட்டு வளர்ந்தது, வேற என்ன வரும்?”

குறும்புக்கு எழுதும் பிள்ளைகளே அதிகம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதியதைக் கண்டு தானே கூசி, அழித்து, மறுபடியும் அதையே எழுதுகிற பிள்ளை வேறு. கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் காரணமில்லாத செருமலும் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்திருந்தால், அது டூரெட் நோய்க்குறி என்ற நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

லயத்தைக் குற்றம் சொல்பவர்கள் ஒரு பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தைப் பார்க்கட்டும். அக்குடும்பத்து டாம்பியர் சீமாட்டிக்கு ஏழு வயதில் கை இழுப்பாகத் தொடங்கியது. பிறகு, பேச்சின் நடுவே கெட்ட வார்த்தைகள் வந்து விழுந்தன. இட்டார் என்ற வைத்தியர் 1825இல் இதை எழுதிவைத்தார். 1885இல், இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜில் டி லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியபோது இந்தச் சீமாட்டியையும் சேர்த்துக்கொண்டார். மாளிகையில் வளர்ந்தவருக்கு எந்த லயம் இதைச் சொல்லிக்கொடுத்தது? எந்தச் சொல் வந்துவிடக் கூடாதென்று மனம் அஞ்சுகிறதோ, அதுவே முந்திக்கொண்டு வருகிறது. இந்த நோயுள்ளவர்களில் தூஷணம் வருவது நூற்றுக்குப் 10 முதல் 20 பேருக்குத்தான். அது கைவழியே எழுத்தாகவோ படமாகவோ வருவது இன்னும் அரிது. அதனால்தான் ஆசிரியர்களுக்கும் பிடிபடுவதில்லை.

“அதிபர் முன்னால மட்டும் அடக்கிக்கிறானே, அப்ப நடிப்புத்தானே?” இல்லை. தும்மலையும் கொஞ்ச நேரம் அடக்கலாம். பாடசாலையில் அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் கொட்டும். நாள் முழுக்க அந்தப் பிள்ளை தனியாகப் போராடியிருக்கிறது.

பேயென்று கோடாங்கியிடம் போகிறவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. பயந்த தாய் பக்கத்திலிருக்கும் கதவைத்தான் தட்டுவாள். பிரம்படிதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. பதற்றம் இந்த நோயைக் கூட்டும். கூடக் கூட அடியும் கூடும்.

அடிக்குப் பதிலாக, உந்துதல் எழும்போதே உணர்ந்து, வேறோர் அசைவால் அதைத் தடுக்கும் பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நோய் பெரும்பாலும் 10–12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயது முடிவதற்குள் தணியத் தொடங்கிவிடும். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்குத் தோட்டத்திலிருந்தே பேசலாம்.

அதுவரை, டீச்சர், அந்தப் பக்கத்தை வகுப்புக்குத் தூக்கிக் காட்டாதீர்கள். கொப்பியை மூடிப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.