சமாதானத்தைக் கேட்டது யார்?

அடிபட்டு வரும் பெண்ணிடம் நம்மில் பலர் முதலில் கேட்பது, 'அவர் ஏம்மா அடிச்சாரு?' என்றுதான். குழம்பில் உப்பு, போனில் பேச்சு என்று அவளும் காரணம் தேடத் தொடங்குவாள். அடித்தவர் தரப்பு வாதம் அவள் வாயாலேயே பதிவாகிவிடும்.

குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 14ஆம் விதியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஆற்றுப்படுத்தலின்போது வன்முறைக்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரருக்கு இடமில்லை. இனி அப்படி நடக்கமாட்டேன் என்று அவர் உறுதி தர வேண்டும். சமாதான முயற்சி அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே. சட்டத்தின் 14ஆம் பிரிவும் இருவரையும் தனித்தனியாக அனுப்ப நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஆனாலும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, பெரியவர்கள் நாலு பேரையும் அழைத்து, 'பிள்ளைங்க முகத்தப் பாத்து அனுசரிச்சுப் போம்மா' என்று சொல்லி எழுதி வாங்குவது இன்றும் நடக்கிறது. மாதாந்தர அறிக்கையில் அது 'தீர்வு' ஆகிவிடுகிறது.

அவள் ஏன் கையெழுத்துப் போடுகிறாள்? இன்றிரவு படுக்க வேறு இடமில்லை. வீடு அவள் பெயரில் இல்லை. பிறந்த வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் விருந்தாளி. ஆகவே பேச்சுக்கு முன்னால் கூரை வேண்டும். 17, 19ஆம் பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே என்ற தயக்கத்தையும் 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருமளவு நீக்கிவிட்டது. 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். குடும்ப நிகழ்வு அறிக்கையோடு அந்த வேண்டுகோளையும் சேர்த்தே அனுப்பும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

பழியெல்லாம் களப்பணியாளர்மேல் இல்லை. பல மாநிலங்களில் இந்தச் சட்டத்தின்கீழ் வரும் பாதுகாப்பு அலுவலர் பணி வேறொரு வேலைக்குக் கூடுதல் பொறுப்பு. சட்டம் நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகும், 2025 மே மாதத்தில், அந்த அலுவலர்களை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடுதான். அந்தச் சிலரையும் நாம் திருப்பி அனுப்பினால் விழிப்புணர்வு முகாம்களால் என்ன பயன்?

சமூக நலத்துறை தன் அறிக்கைப் படிவத்தில் இரண்டு பத்திகளைச் சேர்க்கட்டும்: சமாதானத்தைக் கேட்டது யார், ஆறு மாதம் கழித்து அவள் எங்கே, எப்படி இருக்கிறாள். இரண்டாவதை நிரப்ப ஆளும் வண்டிச் செலவும் வேண்டும். அதை நிதிநிலை அறிக்கைக்கு முன்பே கேட்போம்.