ஓட்டு ஊருக்கு இல்லீங்க, ஆளுக்கு

தேர்தல் முடிஞ்சா போதும், பட்டணத்துச் சொந்தக்காரங்க ஒரே பேச்சுதான் பேசறாங்க: "படிச்சவங்களுக்கு மட்டும் ஓட்டுன்னு வெச்சா நாடு உருப்படும்." இதைப் படிக்கற உங்கள்ல சிலருக்கும் அந்த எண்ணம் இருக்கலாம்.

கிட்டத்தட்ட அப்படி ஒரு சட்டம் இருந்ததுதாங்க. வெள்ளைக்காரன் 1935ல போட்ட சட்டத்துல வரி கட்டறவன், சொத்து இருக்கறவன், படிச்சவன், பெரும்பாலும் இவங்களுக்குத்தான் ஓட்டு. கூலிக்கு ஏர் ஓட்டினவங்களுக்கும் நாத்து நட்டவங்களுக்கும் கிடையாது.

அரசியல் நிர்ணய சபையில இருந்தவங்க நிறைய பேர் பெரிய படிப்பு படிச்ச வக்கீலுங்க. நெனச்சிருந்தா அதையே வெச்சிருக்கலாம். 1951 கணக்குப்படி நூத்துக்கு 18 பேருக்குத்தான் எழுத்து தெரியும். இருந்தும் 21 வயசான எல்லாருக்கும் ஓட்டுன்னு எழுதினாங்க. முதல் தேர்தல்லயே 17 கோடிப் பேருக்கு மேல ஓட்டு. கைநாட்டுக்காரனுக்கு ஓட்டு இல்லேன்னா, அவன் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு யாரு நெனச்சுப் பாப்பாங்க?

அதுக்காக அவங்க எல்லாரும் கிராமத்தைக் கும்பிட்டாங்கன்னு நெனைக்காதீங்க. 1948 நவம்பர் 4 அன்னிக்கு அம்பேத்கர் சபையில பேசும்போது, கிராமம் அறியாமையும் குறுகின புத்தியும் நெறஞ்ச இடம்னாரு. சட்டம் கிராமத்தை விட்டுட்டுத் தனி மனுஷனை அடிப்படையா எடுத்தது சந்தோஷம்னாரு. அதே மாசம் நம்ம தமிழ்நாட்டு கே. சந்தானம் திருத்தம் கொண்டு வந்து பஞ்சாயத்தைச் சேர்த்தாரு. அம்பேத்கரும் ஒத்துக்கிட்டாரு. அதுதான் 40வது பிரிவு.

கிராமத்தான் எனக்கு அம்பேத்கர் மேல கோவம் வரல. பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விட்ட சேதியை எத்தனை தடவை பேப்பர்ல படிச்சாச்சு! கேட்டா ஊர் ஒத்துமைம்பாங்க. அந்த ஒத்துமையில காலனிக்காரங்களை யாரு கேட்டாங்க? பொம்பளைங்களை யாரு கேட்டாங்க? ஊர் பெரியவங்க நாலு பேரு கூடி முடிச்சு வெக்கறது ஜனநாயகம் இல்லீங்க. ஒவ்வொரு ஆளும் தனியா, பயமில்லாம பட்டனை அமுக்கணும். அதுக்குத்தான் சட்டம் ஊரைப் பாக்காம ஆளைப் பாத்துச்சு.

"காசு வாங்கறாங்களே"ன்னு கேப்பீங்க. தப்புதான். ஆனா அந்தக் காசைக் குடுக்கறவன் படிச்சவன்தானே?

பௌர்ணமிக்கு பஸ் ஏறி திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வர்றீங்க. ஒரு ஆகஸ்ட் 15க்கு இந்தப் பக்கத்து கிராம சபைக்கும் வந்து ஓரமா நின்னு பாருங்க. பள்ளிக்கூடம் போகாத ஒரு அம்மா எழுந்து தண்ணித் தொட்டிக் கணக்கு கேப்பாங்க. மேடையில இருக்கற படிச்சவங்க பதில் தேடுவாங்க.