ரூட்டு தலயும் டியூட்டரும்

சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் காலையில் இரு திசையிலும் கூட்டம்தான். தெற்கே போகும் பெட்டிகளில் பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு என்று வழியெல்லாம் ஏறும் கல்லூரி மாணவர்கள். வடக்கே வரும் பெட்டிகளில் சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள். அண்ணன் ஒரு திசை, தம்பி ஒரு திசை என்று பிரியும் வீடுகளும் உண்டு. பிளஸ் 2 தேர்வு முடிந்த கோடையில் கான்ட்ராக்டர் மூலம் கம்பெனிக்குப் போய், முதல் சம்பளத்தையும் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர் இந்த வட்டாரத்தில் அபூர்வம் அல்ல. படிப்பு கசந்தால் மறுநாளே போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் பக்கத்து முதலாமாண்டு மாணவருக்கான எந்த வழிகாட்டுத் திட்டமும் அந்தக் கம்பெனி வாசலோடுதான் போட்டியிட வேண்டும்.

கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடும் வேலையை அரசு பெரும்பாலும் நன்றாகவே செய்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010-ல் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2023 பிப்ரவரியில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டாபிராமில்தான் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதமாக இருந்த 2021-22-ல் தமிழ்நாட்டில் அது 47.

சேர்ந்த பிறகு? அதற்கும் விதிகள் இல்லாமல் இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை ஏஐசிடிஇ 2017-ல் கொண்டுவந்தது. எல்லாக் கல்லூரிகளுக்குமான ‘தீக்ஷாரம்ப்’ வழிகாட்டுதலை யுஜிசி 2019-ல் வெளியிட்டது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் பொறுப்பு என்று கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்கிறது. ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில மாணவர்களை ஒப்படைக்கும் டியூட்டர்-வார்டு முறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு பதிவேடு: பாஸ்போர்ட் அளவு போட்டோ, தந்தையின் தொழில், செல்போன் எண், இன்டர்னல் மதிப்பெண், கையெழுத்து. நாக் குழு வரும் வாரத்தில் அந்தப் பதிவேடுகளுக்கு வரும் மவுசு தனி.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். தங்கள் வேலையே அடுத்த ஆண்டு என்னாகுமோ என்றிருப்பவர்களிடம் மூன்றாண்டுக்கு இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம்.

சிக்கல் தொடங்கும் இடம் அறிவுரைக் கூட்டங்களில் தெரிவதில்லை. முதல் செமஸ்டர் வினாத்தாளில் தெரிகிறது. பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரியும் திருத்தணி அரசு கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கே இளநிலைப் பாடங்களுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75-ல் 30 எடுக்காவிட்டால் இன்டர்னலில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அரியர்தான். பள்ளியில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவர் பி.காம். வகுப்பில் அதே கணக்கை ஆங்கிலத்தில் சந்திக்கிறார். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்குவழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலமும் புதிது, வகுப்பறைத் தமிழும் பாதி புதிது. இதோடு 75 சதவீத வருகைப்பதிவு. முதல் அரியரைவிட ஆபத்தானது, அதை யாரிடமும் சொல்லாமல் அடுத்த செமஸ்டருக்குள் போவது. வீட்டில் கேட்டால் புரியவைக்க முடியாது. அரியர் என்ற சொல்லையே அந்த வீடு அப்போதுதான் முதல்முறை கேட்கிறது.

அப்படியானால் அந்த மாணவர் யாரிடம் போகிறார்? சீனியரிடம். கல்லூரிக்குள் இருக்கும் சீனியரிடம் அல்ல, ரயிலில் இருக்கும் சீனியரிடம்.

சென்னைக் கல்லூரிகளின் ‘ரூட்டு தல’ கலாச்சாரம், அதாவது ஒரு தடத்து மாணவர்களுக்கு ஒரு சீனியர் தலைவனாக இருக்கும் வழக்கம், கும்மிடிப்பூண்டி, திருத்தணித் தடங்களில் வேர்விட்டது இதனால்தான். எந்தப் பெட்டியில் ஏற வேண்டும், யாரோடு பேசக்கூடாது, எப்போது பாட வேண்டும், எப்போது முழக்கமிட வேண்டும் என்பதுவரை புதியவருக்கு அங்கே சொல்லித்தர ஆள் இருக்கிறது. தினமும் ஒன்றரை மணி நேரம், விடுமுறை இல்லாத தொடர்பு, பெயர் சொல்லி அழைக்கும் அக்கறை. டியூட்டர்-வார்டு முறை கனவு காணும் அத்தனையும் அதில் உண்டு, பாடத்தைத் தவிர. அதன் விலை சில நேரம் உயிராகவும் இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டு இறந்த மாநிலக் கல்லூரி மாணவர் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்தவர். வேறொரு கல்லூரியின் மாணவர்கள் அந்த வழக்கில் கைதானார்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் ரயில் நிலையங்களில் போலீஸ் நிற்கிறது, பைகள் சோதிக்கப்படுகின்றன, ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு முரண் உண்டு. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. மிகத் தேவையான சட்டம். ஆனால் அதன் பின்விளைவாக, முதலாமாண்டு மாணவரையும் சீனியரையும் எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று கல்லூரிகள் நினைக்கப் பழகின. வளாகத்துக்குள் சுவர், ரயிலில் அந்தச் சுவர் கிடையாது. கண்காணிப்போடு நடக்கக்கூடிய உறவைத் தடுத்துவிட்டு, கண்காணிப்பே இல்லாத உறவுக்கு வழிவிட்டாகிவிட்டது.

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், மிசௌரி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் 1973-ல் தொடங்கிய ஒரு முறை இந்த உறவையே மூலதனமாக்கியது. முந்தைய ஆண்டு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய மாணவர் மறுபடி அந்த வகுப்பில் வந்து உட்காருவார். வாரந்தோறும் ஜூனியர்களோடு அந்தப் பாடத்தை அலசுவார். அதற்குக் கல்லூரி ஊதியம் தரும். அதன் சூட்சுமம் ஒன்றுதான்: பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதில்லை, கடினமான பாடம் எது என்று தேடுகிறார்கள். ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியலில் தன் பெயர் ஒட்டப்பட்ட பிறகு எந்தப் பையனும் அந்த வகுப்புக்கு மனமுவந்து போகமாட்டான். நம் கல்லூரிகள் அந்தப் பட்டியலைத்தான் முதலில் தயாரிக்கின்றன.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம் இன்னொரு பாடம் தருகிறது. அப்போது ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர். கூடவே தனிப்பயிற்சி, கட்டணச் சலுகை, நகரப் போக்குவரத்துக்கு இலவச அட்டை. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, இரண்டாண்டுப் பட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். பயண அட்டை வாங்கவாவது மாணவர் ஆலோசகரைப் பார்க்க வர வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்கலாம்.

பொன்னேரியிலும் திருத்தணியிலும் இதைச் செய்ய நியூயார்க் அளவுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையிலும் முதல் செமஸ்டரில் அதிக அரியர் விழும் இரண்டு பாடங்கள் எவை என்று தேர்வுப் பிரிவுக்குத் தெரியும். அந்தப் பாடங்களுக்கு மட்டும் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவர்களை, பெண்களையும் சேர்த்து, சொல்லித்தர நியமிக்கலாம். நேரம் முக்கியம்: மாலை வகுப்பு என்றால் பழவேற்காட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டிய மாணவி வரமாட்டார், செகண்ட் ஷிப்ட் போகிறவரும் வரமாட்டார். அட்டவணைக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஊதியத்துக்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பெரிய நிறுவனங்கள் இந்தப் பகுதியிலேயே இயங்குகின்றன. அந்தச் சட்டம் ஏற்கும் பணிகளின் பட்டியலில் கல்வியும் இருக்கிறது. கட்டடத்துக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் கேட்பதுபோல இதற்கும் கேட்கலாம். தொகை மட்டும் கௌரவமாக இருக்க வேண்டும். சொல்லித்தர வரும் சீனியருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வரச்சொல்லி கான்ட்ராக்டரிடமிருந்து போன் வரத்தான் செய்யும்.