ஆற்றுக்கு இக்கரையில் இருப்பவர்களையும் கேளுங்கள்

காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வு, கையிலிருக்கும் பழைய வரைவறிக்கையை வைத்துக்கொண்டு தொடரக் கூடாது. புதிதாகத் தொடங்க வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் திருவள்ளூர் மாவட்டத்தோடு நின்றுவிடாமல் திருவொற்றியூரிலும் நடக்க வேண்டும். இவை இரண்டும் நடக்கும்வரை அனுமதி என்ற பேச்சே எழக் கூடாது என்பது நம் நிலைப்பாடு.

எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய இந்தத் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கராக விரிப்பது திட்டம். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலில் மண் கொட்டி உருவாக்கப்படும். ஆண்டுக்கு 2.46 கோடி டன் சரக்கைக் கையாளும் திறன் 32 கோடி டன்னாக உயரும். செலவு 50,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த 32 கோடி எவ்வளவு பெரியது என்பது பக்கத்துத் துறைமுகங்களைப் பார்த்தால் விளங்கும். சென்னைத் துறைமுகம் 2023-24இல் கையாண்டது சுமார் 5 கோடி டன், எண்ணூர் காமராசர் துறைமுகம் சுமார் 4.5 கோடி டன். இரண்டையும் கூட்டினாலும் 10 கோடி ஆகவில்லை. அந்தப் பத்துக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் எப்படி வரிசைகட்டி நிற்கின்றன என்பதைத் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரே இடத்தில் வந்து இறங்கும் என்றால், அதன் பாதிப்பு துறைமுக மதில் சுவரோடு முடிந்துவிடும் என்று எந்த அதிகாரியும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

கடலில் கல் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை ஏற்கெனவே பார்த்துவிட்டது. சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் மட்டும் திசை மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே போனது. எத்தனை மீனவர் வீடுகள், எத்தனை தெருக்கள் கடலுக்குள் போயின என்று குப்பங்களில் கேட்டால் வயதானவர்கள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் பக்கம் நடந்து பாருங்கள். காலில் படுவது பெரும்பாலும் கருங்கல்தான். கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு வளைவு ஒரு குப்பத்தைக் காப்பாற்றினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக வடசென்னை கட்டிக்கொண்டிருக்கும் இந்த விலை எந்தத் துறைமுகத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். அதைத் தாண்டினால் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. அந்தத் திட்டு அரிபட்டுக் கடல் உள்ளே புகுந்தால் ஏரியும் அதை நம்பிய ஊர்களும் என்ன ஆகும்? ஆய்வு முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

வெள்ளத்தின் கேள்வி இதைவிட நமக்கு நெருக்கமானது. பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடல் சேர வேண்டும். 2015இலும் 2021இலும் மணலி புதுநகர் மூழ்கியதைப் பார்த்தோம். வெள்ளம் பரவி நின்று மெல்ல வடிய இடம் கொடுத்தவை கழிமுகத்தின் சேற்று நிலங்களும் உப்பங்கழிகளும். அவற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் எவ்வளவோ சேர்ந்துவிட்டது. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தை மீட்கும் பணிகளுக்கு உத்தரவிட்டது. ஒரு பக்கம் மீட்கச் சொல்லும் நிலத்தில் இன்னொரு பக்கம் நிரப்ப அனுமதி கொடுப்பது எந்த நியாயம்?

அடுத்து வந்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கழிமுகத்துக்கு வந்தது. எர்ணாவூரிலும் ஜோதி நகரிலும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகு, அது நின்ற உயரத்துக்குச் சுவரில் கரிய கோடு. எண்ணூரில் மீனவர்கள் கையுறைகூட இல்லாமல் பிளாஸ்டிக் மக்காலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். வலை, படகு, இயந்திரம், அலையாத்தி மரங்களின் வேர், நாரைகளின் சிறகு எல்லாவற்றிலும் தார் போலப் பிசுபிசுப்பு. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரிக்கும், பிறகு 2023 செப்டம்பருக்கும் குறிக்கப்பட்டது. இரண்டு முறையும் தள்ளிப்போனது. தள்ளிப்போனதை ரத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூட்டங்களுக்காகத் தயாரான அறிக்கைகள் எண்ணெய்க் கசிவுக்கு முந்தியவை. அவற்றில் உள்ள தண்ணீர், சேறு, மீன் பற்றிய அளவீடுகள் எதுவும் இன்றைய கழிமுகத்தைக் காட்டாது. ஆகவே எண்ணெய் படிந்த பிறகான நிலையைப் பருவத்துக்குப் பருவம் புதிதாக அளக்க வேண்டும். ஒரு துறைமுகத்தை மட்டும் தனியே வைத்து அளந்தாலும் போதாது. சென்னைத் துறைமுகம், காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், மணலி ஆலைகள் ஆகியவற்றின் சுமையோடு இதையும் சேர்த்து, ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை ஒரே கரையாகப் பார்க்க வேண்டும். நோயாளியின் மற்ற நோய்களைக் கேட்காமல் மருந்து எழுதும் மருத்துவரிடம் யாரும் போக மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆய்வைச் செய்யும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவதும் அதற்குப் பணம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவருபவரே. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் மக்கள் வாயால் வரும் சாட்சியம் இங்கே இவ்வளவு முக்கியமாகிறது. உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குத் தெரியும் எந்த இடத்தில் சேறு மாறியிருக்கிறது, எங்கே சாம்பல் தட்டுகிறது, எங்கே இறால் வருவதில்லை என்று. பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறை, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று தலைமுறைகளாக வகுத்து வைத்திருக்கிறது. இவர்கள் சொல்வது அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வரியாகக் கிடக்கக் கூடாது. முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும். இப்போது நடைமுறையில் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே.

இனி எல்லைப் பிரச்சினை. காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருவொற்றியூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டம் அமையும் இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில், மாவட்ட வாரியாகக் கூட்டம் நடத்தச் சொல்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் எண்ணூர் குப்பமும் நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் வெளியூர் ஆகிவிடும். முகத்துவாரத்தின் தென்கரையில் இருந்துகொண்டு, வடகரையில் நடப்பதைப் பற்றிப் பேச நமக்கு மேடை இருக்காது. ஆறு மாவட்ட எல்லை பார்த்து ஓடவில்லை. எண்ணெயும் பார்த்து வரவில்லை. கூடுதல் கூட்டம் நடத்த அறிவிக்கை தடை எதுவும் விதிக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மனது வைத்தால் போதும்.

வேலைவாய்ப்பு வரும் என்பார்கள். அந்த வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. ராயபுரமும் திருவொற்றியூரும் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள். கப்பலில் மூட்டை இறக்கிய கைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கிரேன் ஓட்டுகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். துறைமுகமே கூடாது என்று இந்தப் பகுதியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எத்தனை வேலை, எந்தத் தகுதிக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதை அறிக்கை உடைத்துச் சொல்ல வேண்டும். இழக்கப்போகும் மீன்பிடி வேலைகளும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். பெண்கள் மீன் விற்றும் கருவாடு காயவைத்தும் ஈட்டும் வருமானம் இப்படிப்பட்ட கணக்குகளில் எப்போதுமே விடுபட்டுப்போகிறது.

எல்லாம் டெல்லியின் முடிவு என்று மாநில அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. இறுதி அனுமதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில் இருப்பது உண்மை. கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கடலோர ஒழுங்குமுறை மண்டலப் பரிந்துரையைத் தருவது மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். திட்டம் கேட்கும் நிலத்தில் ஒரு பகுதி மாநில அரசு நிறுவனமான டிட்கோ வசம் இருக்கிறது. மூன்று சாவிகள் சென்னையிலேயே இருக்கின்றன.

கூட்டத் தேதி அறிவிக்கப்பட்டால் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய யாரும், எந்த மாவட்டத்தில் இருந்தாலும், வாரியத்துக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். எழுப்பப்படும் ஆட்சேபங்களுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும். காலடிப்பேட்டையின் குடியிருப்போர் சங்கங்களும், குப்பங்களின் பஞ்சாயத்துகளும், வணிகர்களும் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் தங்கள் தெருவில் 2023 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எண்ணெய் எதுவரை வந்தது, எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்பதை இப்போதே படத்தோடும் தேதியோடும் எழுதி வைக்கட்டும்.