செல்லும் காசும் செல்லாக் காசும்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். இந்நாளில் 'விந்தை நாணயங்கள்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் பொருள்களிடம் இவ்விரண்டில் ஒன்றுகூட இல்லை என்பது என் கட்சி.

விடுதி நண்பர் சிலர் இவற்றை ஆவலோடு வாங்கிச் சேர்க்கிறார்கள். சேர்ப்பது தவறென்று சொல்ல வரவில்லை; நானும் சேர்ப்பவன்தான். ஆனால் எதைச் சேர்க்கிறோம்? 2004-இல் சோமாலியாவின் பெயரால் கித்தார் வடிவில் வண்ண வண்ணமாகக் காசுகள் வெளிவந்தன. 1991-இல் மைய அரசு குலைந்து மக்கள் அல்லாடிய நாடு அது. அந்தக் கித்தாரைக் கொடுத்து மொகதிஷுவில் எவரேனும் ஒரு வேளை உணவு வாங்கியிருப்பாரா? பலாவு என்னும் பசிபிக் தீவு நாட்டின் பெயரால் 2007-இல் ஒரு வெள்ளிக் காசு வந்தது. லூர்து தீர்த்தத்தைச் சிறு குப்பியில் அடைத்து அதில் பதித்திருந்தார்கள். அந்நாட்டுக் கடைவீதியில் புழங்குவதோ அமெரிக்க டாலர்! நாட்டின் பெயர் வாடகைக்கு விடப்படுகிறது, அவ்வளவே.

முட்டுப்பாட்டில் பிறந்த காசுகளைப் பாருங்கள். விந்தை அங்கேதான் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் சில்லறைக்குத் தவித்த ஜெர்மனியில், 1920, 1921 ஆண்டுகளில், மைசென் பீங்கான் ஆலை செம்பழுப்பு நிறச் சுடுமண்ணில் காசு செய்தது. ஜப்பானின் கதை இன்னும் உருக்கமானது. செம்பும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்குப் போயின. அலுமினியம் விமானங்களுக்குப் போயிற்று. 1944-இல் தென்கிழக்காசியாவின் வெள்ளீயத்தில் காசு அடித்தார்கள். கடல்வழி அடைபடவே அதுவும் அற்றது. 1945-இல் களிமண்ணைச் சுட்டுக் காசாக்கிக் குவித்தார்கள். மக்கள் கைக்கு வருமுன் போரே முடிந்துவிட்டது, குவித்தவற்றை நொறுக்கினார்கள். ஒரு பேரரசின் தோல்வியை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று நூல் சொல்லும்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொள்ளுப்பாட்டிமார் சுருக்குப்பையில் கிடந்த ஓட்டைக் காலணா 1943-இல் பிறந்தது. முன்பிருந்த காலணா ஏறத்தாழ 4.9 கிராம், இதுவோ 2 கிராம். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த வெள்ளையர் ஆட்சி நடுவே துளையிட்டது. 1964-இல் வந்த அறுகோண மூன்று பைசா, அலுமினியம். செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உலோகம். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. 2011 ஜூன் 30-க்குப் பின் 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் செல்லாமற்போயின. செல்லாதவை என்று இவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, பலாவுத் தீர்த்தத்துக்கு உதவித்தொகையைக் கொட்டுகிறோம். என்ன கணக்கு இது?

வாங்குகிறவனை ஏய்ப்பதும் பழைய தொழில்தான். 1943-இல் அமெரிக்கா தன் ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாகச் செம்புக் கலவையில் அடிபட்ட சிலவற்றுக்கு இன்று பெரும் விலை. உடனே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கக் கிளம்பினார்கள். குட்டு வெளிப்படச் சிறு காந்தம் ஒன்று போதும். நம் நாட்டில் வித்தை வேறு மாதிரி: உங்கள் பழங்காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள் என்பார்கள். தன் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஊரிலுள்ள பெற்றோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பொங்கலுக்கு நம் சங்கம் காட்சி ஏதும் வைப்பதானால் விலைக்கு வாங்கிய கித்தார்கள் வேண்டாம். விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பரணிலும் அஞ்சறைப்பெட்டியிலும் தேடிக் கிடைத்ததைக் கொண்டுவாருங்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். புளியின் அமிலம் செம்பின் மேற்பரப்பைத் தின்றுவிடும். யார் வைத்திருந்தது, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். காந்தமும் தராசும் என் பொறுப்பு.